ஸ்டேஷன் இன்: ஞாயிற்றுக்கிழமை இரவு வட்டம்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் நாஷ்வில்லுக்கு வரும் சொந்தக்காரர்கள் "பாட்டு கேட்க எங்கே போகலாம்?" என்று கேட்டால், என்னிடம் இப்போது ஒரே பதில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு, ஸ்டேஷன் இன் என்ற சின்ன இசைக்கூடம்.

முதலில் நாங்களும் பிராட்வே தெருவுக்குத்தான் போனோம். பெயர் பெற்ற ஒரு மாடி பாரில் ஒரு மணி நேரம் நின்றோம். பாட்டில் ஒரு வரிகூடப் பிடிபடாத அளவுக்கு ஸ்பீக்கர் சத்தம். பதினான்கு வயது மகள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அங்கிருந்து காரில் சில நிமிடத் தூரத்தில், கல்ச் பகுதியின் கண்ணாடி அடுக்குமாடிகளுக்கு நடுவே தாழ்ந்த கல் கட்டடமாக நிற்கிறது ஸ்டேஷன் இன். 1974-இல் தொடங்கி, 1978-இல் இந்த இடத்துக்கு வந்தது. 1981-இல் ஜே.டி. கிரே என்ற புளூகிராஸ் (பாஞ்சோ, மாண்டலின் போன்ற தந்தி வாத்தியங்களில் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசை) கலைஞர் வாங்கி, 2021-இல் இறக்கும்வரை நடத்தினார். பெரிய பெரிய ஆட்கள் வாசித்த இடம். ஆனால் ஞாயிறு இரவு மேடைக் கச்சேரி கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் வாத்தியத்தோடு வந்து வட்டமாக உட்கார்ந்து புளூகிராஸ் வாசிக்கிறார்கள். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

பெல்வ்யூ கணேசர் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வந்ததால் சீக்கிரமே சேர்ந்துவிட்டோம். வட்டத்துக்கு ஆறடி தள்ளி இடம் கிடைத்தது. நீங்களும் சீக்கிரம் போங்கள், பின்னால் பார் பக்கம் பேச்சுச் சத்தம் இருக்கும். மைக் இல்லாத வாசிப்பை அருகிலிருந்து கேட்பதுதான் இதில் சுகம். டிரம் கிடையாது. தாளத்தை மாண்டலின்காரர் பார்த்துக்கொள்கிறார். பேஸ் (கனத்த குரல் கொண்ட பெரிய தந்தி வாத்தியம்) தரும் ஒவ்வொரு அடிக்கும் நடுவில், தந்திகளை அமுக்கி 'சக்' என்று ஒரு வெட்டு. பாஞ்சோவை மூன்று விரலில் மாட்டிய நகங்களால் மீட்டுகிறார்கள். அது மழைபோலக் கொட்டுகிறது. ஆளுக்கு ஒரு சுற்று தனி வாசிக்கலாம். அடுத்து யார் என்பது ஒரு தலையசைப்பில் முடிவாகிவிடுகிறது.

பாட்டுகளின் கதை பெரும்பாலும் சோகம். ஆற்றில் போன பெண், பிரிந்துபோன அம்மா, விட்டு வந்த மலை வீடு. பாடுகிறவர்களோ முகமெல்லாம் சிரிப்பு. கிடார்காரர் ஒருவர் இரண்டாவது சரணத்தை மறந்துவிட்டார். அவருக்கு ஞாபகம் வரும்வரை மற்றவர்கள் பல்லவியையே மாற்றி மாற்றி வாசித்து ஓட்டினார்கள். நான்காவது சுற்றில் வரி கிடைத்துவிட்டது. மொத்தக் கூடமும் கைதட்டியது. அந்த நான்கு சுற்றிலும் வேகம் ஒரு இழைகூடக் குறையவில்லை. அவ்வளவு கை சுத்தம்!

பிறகு வெள்ளைத் தொப்பி போட்ட ஃபிடில் (நம் வயலின்தான்) தாத்தா ஒருவர் வெஸ்டர்ன் ஸ்விங் தொடங்கினார். 1930-களில் டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த் பக்கம் மில்டன் பிரவுன், பாப் வில்ஸ் போன்றவர்கள் ஃபிடில் இசையோடு ஜாஸையும் புளூஸையும் கலந்து, ஆடுவதற்கென்றே உருவாக்கிய இசை அது. அதுவரை பாட்டுக்கு மூன்று கார்டோடு (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) ஓடிய கிடார்கள் இப்போது இரண்டடிக்கு ஒரு கார்டு மாற்றின. பாஞ்சோக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு சுற்று கேட்டார், மூன்றாவதில் துணிந்து இறங்கினார். தாத்தா பாப் வில்ஸ் பாணியில் "ஆஆ...ஹா!" என்று கீச்சுக்குரலில் கூவினார். என் கணவர் கால் தட்ட ஆரம்பித்துவிட்டார். பதினாறு வருடத்தில் நான் பார்க்காத காட்சி!

புளூகிராஸ், வெஸ்டர்ன் ஸ்விங் இரண்டுக்கும் இந்த ஊரில் ஒரு பழைய தொடர்பு உண்டு. கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி இசை நிகழ்ச்சி இங்கே ரைமன் அரங்கில் நடந்துகொண்டிருந்த காலம். டிரம் கூடாது என்றிருந்த அந்த மேடைக்கு 1944 கடைசியில் பாப் வில்ஸ் டிரம்மோடு வந்தார். அடுத்த வருடக் கடைசியில் அதே நிகழ்ச்சியில் பில் மன்றோவின் குழுவில் எர்ல் ஸ்க்ரக்ஸ் பாஞ்சோவோடு சேர்ந்தார், புளூகிராஸ் இன்றைய வடிவத்துக்கு வந்தது.

சாப்பாட்டுக்கென்று போகாதீர்கள். சைவர்களுக்குச் சீஸ் பீட்சா, பாப்கார்ன் மாதிரிதான். சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. பார்க்கிங் கட்டணம் அதிகம், எனக்கு அது வருத்தம்தான். நுழைவு இலவசம் என்பதால் அந்த மிச்சத்தை டிப்ஸில் போட்டுவிட்டு வந்தேன்.

இடைவேளையில் தாத்தா என் மகளின் விரல்கள் மடியில் அசைவதைப் பார்த்துவிட்டு, "நீயும் வாசிப்பாயா?" என்று கேட்டார். கர்நாடக வயலின் கற்கிறாள் என்று சொன்னேன். உடனே ஃபிடிலை நீட்டினார். வாங்கித் தந்திகளைத் தொட்டுப் பார்த்தவள், "அம்மா, இதில் சுருதி வேற. நமக்கு ச-ப-ச-ப இல்லையா?" என்றாள். அவரிடம் அதைப் பாடிக் காட்டினாள். அவர் ஒரு நிமிடம் கேட்டார், சிரித்தார், ஃபிடிலைத் திரும்ப வாங்கி அடித்தந்திகள் இரண்டையும் ஒவ்வொரு சுரம் ஏற்றினார். ஏ, ஈ, ஏ, ஈ. மலைநாட்டுப் பழைய ஃபிடில்காரர்கள் இப்படித்தான் வைப்பார்களாம். அச்சு அசல் நம் ச-ப-ச-ப!

அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுருள் முனையைக் காலில் சாய்த்து மோகனத்தில் நாலு பிடி வாசித்தாள். பேஸ்காரர் எழுந்து வந்து ச, ப, ச, ப என்று மெதுவாக அடி கொடுத்தார். மாண்டலின் பெண்மணியும் 'சக்' என்று சேர்ந்துகொண்டார். இடைவேளை முடிந்தும் யாரும் நிறுத்தவில்லை.