விழுந்த இடமா, வீசிய குழியா?

மூன்று மணி நேரம் தோண்டியதற்குக் கூலி: ஒரு சாஸ் பாட்டில், அடியில் கிரீடமும் 1942 என்ற ஆண்டும் பதித்த பீங்கான் கோப்பையில் ஒரு பாதி, உள்ளங்கையளவு வட்டத் தகடு ஒன்று. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், போர்க்காலக் குண்டுவீச்சு விமானத் தளம் ஒன்றின் வேலியோரக் குப்பைக்குழி அது. ஓடுபாதையில் பாதி இப்போது வயல். நிலத்துக்காரர் டிராக்டரை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "இதுக்காகவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதற்காகத்தான். ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் விமானத் துண்டுகளின் மேல் பித்துப் பிடித்தவர்களுக்குப் பிரிட்டனில் வேறு வழிகளும் உண்டு. விமானம் விழுந்த இடத்தையே தோண்டலாம். மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். முதுகு வலியே வேண்டாமென்றால் சந்தையில் காசு கொடுத்து வாங்கலாம். நான்கையும் ஓரளவு பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு குப்பைக்குழிக்கு.

பெயரும் புகழும் என்னவோ விழுந்த இடத்துக்குத்தான். வேகமாகத் தலைகுப்புறப் பாய்ந்த விமானம் மென்மையான மண்ணில் பல மீட்டர் ஆழம் இறங்கிவிடும். இறக்கைகள் மேலே சிதறும், எஞ்சின் அடியில் போய் உட்காரும். காற்றுப் புகாத களிமண்ணில் எண்பது வருடம் கழித்தும் பெயின்ட் அப்படியே இருக்கும். ஜேசிபி வாளி இறங்கும்போதே எண்ணெய் வாடை மூக்கில் ஏறும். 2011இல் அயர்லாந்தின் டோனகல் சதுப்பு நிலத்தில் பி8074 என்ற எண் கொண்ட ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைத் தோண்டி எடுத்தார்கள். அதன் பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிப் பாகங்களைச் சுத்தம் செய்து கோத்துச் சுட்டுப் பார்த்தால், எழுபது வருடம் சேற்றில் கிடந்தது சுட்டது! அந்த விமானத்தை ஓட்டிய ரோலண்ட் வுல்ஃபின் கதை இன்னும் வேடிக்கை. 1941 நவம்பர் 30 அன்று பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். நடுநிலை நாடான அயர்லாந்து அவரைக் காவலில் வைத்தது. அவர் நழுவி வட அயர்லாந்துக்குப் போய்ச் சேர, பிரிட்டிஷ்காரர்களே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விமானி பிழைத்ததால்தான் இதைச் சிரித்துச் சொல்ல முடிகிறது. எழுபதுகளில் இங்கிலாந்தில் ஆர்வலர்கள் கட்டுப்பாடில்லாமல் தோண்டியபோது, 'காணாமல் போனவர்' பட்டியலில் இருந்த விமானிகளின் எலும்புகளும் சில குழிகளிலிருந்து வந்தன. இப்போது 1986ஆம் ஆண்டின் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ராணுவப் பணியில் இருந்தபோது விழுந்த எந்த விமானத்தின் இடத்தையும், அது ஜெர்மன் விமானமாகவே இருந்தாலும், பாதுகாப்பு அமைச்சகத்தின் லைசென்ஸ் இல்லாமல் தோண்டினால் குற்றம். உள்ளே மனித உடல் இருக்கலாம், வெடிக்காத குண்டு இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் லைசென்ஸ் பொதுவாகக் கிடைக்காது. கிடைத்தாலும் விமானியின் சொந்தப் பொருள் எது வந்தாலும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். சரியான சட்டம்தான். ஆனால் பொழுதுபோக்கு என்று கிளம்பியவனுக்கு ஃபைலும் ஜேசிபி வாடகையும் ஆவணத் தேடலுமாக அது முழுநேர வேலையாகிவிடும். ஒரு குழுவோடு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். வாளி ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் யாரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு ஒத்துவரவில்லை.

குப்பைக்குழியில் யாரும் சாகவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

அது விழுந்த இடமும் அல்ல என்பதால் அந்தச் சட்டத்தின் லைசென்ஸ் அதற்குத் தேவைப்படாது. நிலத்துக்காரரின் அனுமதி கட்டாயம் வேண்டும், எழுத்தில் இருந்தால் நல்லது. கிடைப்பதில் யாருக்கு என்ன என்பதையும் மண்வெட்டி இறங்கும் முன்பே பேசிவிட வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமா, இயற்கைக் காப்பிடமா என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது: முழு விமானம் புதைந்திருக்குமா? இருக்காது. அலுமினியத்துக்கு அவ்வளவு கிராக்கி. 1940 ஜூலையில் விமானத் தயாரிப்பு அமைச்சர் பீவர்புரூக், வீட்டுப் பெண்களிடம் அலுமினியச் சட்டி பானைகளைக் கொடுங்கள், ஸ்பிட்ஃபயர் செய்கிறோம் என்று கேட்டார். நம்மூர் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்தான், இங்கே பேரீச்சம்பழம்கூடக் கிடையாது. நொறுங்கிய விமானங்கள் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்திலிருந்த கௌலி போன்ற கிடங்குகளுக்குப் போய் உருகின. ஓவியர் பால் நேஷ் அங்கே குவிந்து கிடந்த ஜெர்மன் விமானங்களைப் பார்த்துத்தான் உறைந்த கடல்போல ஓர் ஓவியம் தீட்டினார். போர் முடிந்ததும் விமானத் தொழிற்சாலைகளே அலுமினிய வீடுகள் செய்யத் தொடங்கின. இப்படிப்பட்ட உலோகத்தை யார் முழுசாகப் புதைப்பார்கள்? பர்மாவில் பெட்டி பெட்டியாக ஸ்பிட்ஃபயர்கள் புதைந்திருக்கின்றன என்று நம்பி, லிங்கன்ஷயர் விவசாயி டேவிட் கண்டால் பல வருடம் தேடினார். 2013 ஜனவரியில் யாங்கோன் மிங்கலாடோன் விமான நிலையத்தில் ஒரு பெரிய குழு தேடியது. ஒரு விமானமும் கிடைக்கவில்லை.

ஆக, குழியில் மிஞ்சுவது உருக்கப் போகாதவைதான்: விமானக் கண்ணாடியாகப் போட்ட பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக்கின் உடைந்த துண்டு, பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த சுவிட்ச், ஸ்பார்க் பிளக், மெஸ் கோப்பைகள். எனக்கு இவற்றில்தான் ருசி. விழுந்த இடம் ஒரு விமானத்தின் கடைசி நொடியைச் சொல்லும். குழியில் தரைப்பணியாளர்களின் மூன்று நான்கு வருடச் சாப்பாடும் ரிப்பேரும் அடுக்கடுக்காகக் கிடக்கும்.

அந்த வட்டத் தகட்டுக்கு வருகிறேன். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தேன். கம்பி பிரஷ் போட்டால் பெயின்ட்டோடு எழுத்தும் போய்விடும், ஆசிட் போட்டால் தகடே போய்விடும். முதலில் ஒரு சின்னக் கிரீடம் தெரிந்தது, அதன் கீழே 'ஏ.எம்.', விமான அமைச்சகத்தின் முத்திரை. அதற்கும் கீழே '6ஏ' என்று தொடங்கும் எண். விமானப்படைச் சாமான்களுக்கு வகைவாரியாகக் கொடுத்த எண் அது: 22சி என்றால் விமானியின் உடுப்பு வகை, 6ஏ என்றால் விமானக் கருவி. கையிலிருந்தது ஏதோ ஒரு மீட்டரின் முதுகு.

தேய்ப்பதை அங்கேயே நிறுத்தினேன். அந்தக் கால மீட்டர் முகப்புகளில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசுவார்கள். வெளிச்சம் எப்போதோ செத்துவிட்டாலும் ரேடியம் சாகவில்லை. அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் வேண்டும். ஸ்காட்லாந்தின் டால்கெட்டி பே ஊர் இதற்கு நல்ல பாடம். போருக்குப் பின் பக்கத்துத் தளத்தில் விமானங்களைக் கழித்து, முகப்புகளை எரித்து, சாம்பலைக் கடலோரமாகக் கொட்டினார்கள். கதிர்வீச்சு தெரியவந்தது 1990இல். கரையைச் சுத்தம் செய்து முடித்தது 2023இல். குப்பைக்குழிக்கு எதிராக யாராவது வாதாட வேண்டுமானால் இந்த ஒரு ஊர் போதும். கூடவே இன்னும் வெடிக்காத தோட்டாக்களும் வரலாம். வந்தால் கையை எடுத்துவிட்டுப் போலீசைக் கூப்பிட வேண்டியதுதான். கதிர்வீச்சை அளக்கும் கைகர் கவுன்டர் இல்லாத குழுவோடு நான் போவதில்லை.

மலையேற்றம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில், பிளீக்லோ மேட்டில் 1948 நவம்பரில் மோதிய அமெரிக்க பி-29 விமானத்தின் எஞ்சின்கள் இன்னும் புல்வெளியில் கிடக்கின்றன. 13 பேர் இறந்த இடம். பார்க்கலாம், ஒரு திருகாணியைக்கூட எடுக்கக் கூடாது. போய்வாருங்கள், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

ஏரோஜம்பிள் எனப்படும் சந்தைகளில் எல்லாம் துடைத்து, லேபிள் ஒட்டி, மேசையில் வரிசையாக இருக்கும். ஒரு முறை ஒரு சுவிட்ச் வாங்கினேன். அழகான சுவிட்ச். எந்தத் தளம், எந்த மண் என்று விற்றவருக்கே தெரியவில்லை. இன்றுவரை அது டிராயரிலேயே கிடக்கிறது. அலமாரி நிரம்பினால் போதும் என்பவர்களுக்கு நேரமும் செலவும் குறைந்த வழி அதுதான். முதுகும் பிழைக்கும்.

தகட்டின் மேல் கவுன்டரைப் பிடித்தோம். சும்மா இருக்கும்போது வரும் டிக் டிக்கைத் தாண்டி ஒன்றுமில்லை, முகப்பு எங்கோ தனியாகப் போயிருக்கிறது. மாலையில் ஒப்பந்தப்படி எல்லாவற்றையும் நிலத்துக்காரரின் டிராக்டர் பானட்டில் பரப்பி வைத்து, முதலில் அவரை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். தகட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை மனுஷன். சாஸ் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.