கடலோர வீட்டை விற்கத் தயார்செய்வோர் கவனத்திற்கு: சுவர்ப் பட்டிக்கு அடியில் இருந்த துருக்கம்பி

எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் கடலைப் பார்த்தபடி வீடு வைத்திருப்பவர்கள், அதை விற்கலாம் என்ற எண்ணத்தில் இருந்தால், "விற்பனைக்குத் தயார்செய்து தருகிறோம்" என்று வரும் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் குடும்பம் 13,32,000 ரூபாயை இழந்திருக்கிறது. நல்ல விலை பேசி முன்வந்த ஒரு குடும்பத்தின் நம்பிக்கையையும் இழந்திருக்கிறது. இரண்டாவது இழப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருந்த என் அப்பா, 1997-இல் திருவொற்றியூருக்கு வடக்கே, சாலையின் மேற்குப் பக்கத்தில் மூன்று தளங்களாக அந்த வீட்டைக் கட்டினார். வாசலுக்கு முன் சாலை, சாலையைத் தாண்டினால் கொட்டிவைத்த கருங்கற்கள், அதற்கப்பால் கடல். பர்மா தேக்கில் நிலை, கதவுகள், ஒவ்வொரு தளத்திலும் கிழக்கே பார்த்த அகலமான பால்கனி என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. அப்பா காலமானபின் அம்மாவால் மாடி ஏற முடியவில்லை. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். விற்றுவிடலாம் என்று 2024 ஜூனில் முடிவு செய்தோம்.

நம் கரையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நடந்த அத்தனைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் எழும்பியபின், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துவந்த மணல் துறைமுகச் சுவரில் தடைபட்டு, தெற்கே மெரினா அகன்றுகொண்டே போக, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்துக்கொண்டே வந்தது. அதைத் தடுக்கத்தான் கற்களும், கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளும் போடப்பட்டன. அகன்ற மணற்பரப்பு இருக்கும் இடத்தில் அலை தொலைவிலேயே உடைந்துவிடுகிறது. இங்கே அது கல்லில் மோதித் திவலையாக எழும்பி, காற்றோடு சாலையைக் கடந்து நேரே பால்கனிக்கு வருகிறது. காலையில் துடைத்த சன்னல் கண்ணாடியில் மாலையில் விரலை வைத்தால் உப்பு பிசுபிசுக்கும். இந்த உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, அது தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைப்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே நெம்பி வெடிக்கச் செய்கிறது. எங்கள் இரண்டாம் மாடி பால்கனியின் அடிப்பக்கத்தில் அப்படி வெடிப்புகள் இருந்தன. இரண்டு இடங்களில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. அதை நாங்கள் ஒப்பந்தக்காரரிடம் மறைக்கவில்லை. முதலில் காட்டியதே அதைத்தான்.

அவர் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை, வழக்கு நடக்கிறது. நேர்த்தியான பேச்சு, கையில் மடிக்கணினி, அதில் முன்பு செய்த வீடுகளின் படங்கள். "மேடம், வர்றவங்க முதல் பத்து நிமிஷத்துல முடிவு பண்ணிடுவாங்க, அந்தப் பத்து நிமிஷம் எங்க பொறுப்பு" என்றார். மொத்த ஒப்பந்தம் 14,80,000 ரூபாய்: கம்பி, கான்கிரீட் பழுதுபார்ப்புக்கு 4,20,000, வெளிச்சுவர் பூச்சுக்கும் நீர்க்கசிவுத் தடுப்புக்கும் 3,60,000, உள் பெயின்டுக்கு 2,85,000, பால்கனிகளுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிக்கு 2,35,000, வாடகை நாற்காலி, சோபா, விளக்கு, படப்பிடிப்புக்கு 1,80,000. தாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் பழுதுபார்ப்பு என்ற வரியில் "தேவையான இடங்களில் சரிசெய்து தரப்படும்" என்பதற்குமேல் ஒரு சொல் இல்லை. எத்தனை சதுர அடி, எவ்வளவு ஆழம், என்ன பொருள், யார் பார்த்து ஒப்புதல் தருவது என்று எதுவும் இல்லை. அலுவலகத்தில் ஒரு பில்லை மூன்று முறை பார்க்கும் நான் இதை ஒருமுறைதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்கி செப்டம்பர் நடுவில் முடித்துவிட்டார்கள். அந்த மாதங்களில் இங்கே பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கித்தான் காற்று அடிக்கும். சுவர் காய்ந்திருக்கும், பெயின்ட் கண்ணாடிபோல் பிடிக்கும். வேலை நடந்தபோது நான் வாரம் ஒருமுறை போய்வந்தேன். ஒருநாள் வயதான பெயின்டர் ஒருவர், நான் முதல் மாடியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அங்க நிக்காதம்மா, இப்படி உள்ள வந்துடு" என்றார். பெயின்ட் சிந்தும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தலைக்குமேல் இருந்தது அந்த இரண்டாம் மாடி பால்கனி.

முடிந்தபோது வீடு கண்ணைப் பறித்தது என்பது உண்மை. வெள்ளைச் சுவர், கண்ணாடி பதித்த கைப்பிடி, அப்பாவின் ஊஞ்சலுக்குப் புதுப் பாலிஷ். அம்மா சக்கர நாற்காலியில் கூடத்தில் உட்கார்ந்து, உங்கள் அப்பா இருந்து பார்த்திருக்கவேண்டும் என்று அழுதார்கள். பத்து ஆண்டு உத்தரவாத அட்டை ஒன்றையும் கொடுத்து, வேலை திருப்தியாக முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, தொகையில் 90 சதவீதத்தையும் பெற்றுக்கொண்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் ராயபுரத்திலிருந்து ஒரு தம்பதி வந்து பார்த்து, பிடித்துப்போய், 5,00,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார்கள். மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டதால் பிள்ளைகள் கல்லூரி போக வசதி என்று அந்தப் பெண் சொன்னார்.

பிறகு வாடை வந்தது. வடகிழக்குப் பருவமழையின் காற்று கடலிலிருந்து நேராக வீட்டு முகத்தில் அடிக்கும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கும் மழையும் காற்றும் விடவில்லை. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். கிழக்குச் சுவரில் ஆளுயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தியதும் ஒரு கொப்புளம் உடைந்து, உள்ளே பஞ்சுபோல் உப்புப் பூத்திருந்தது. புதுக் கைப்பிடியில் பற்றவைத்த மூட்டுகள் எல்லாவற்றிலும் பழுப்பு நிறத்தில் கோடு கோடாகத் துரு இறங்கியிருந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அந்தத் தம்பதி தங்கள் உறவினரான கட்டடப் பொறியாளரை அழைத்து வந்தார்கள். அவர் ஏணி வைத்து ஏறி, இரண்டாம் மாடி பால்கனியின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். சுவரோரத்தில் கல்லைத் தட்டினாற்போல் ஒலித்தது, நடுப்பகுதிக்கு வந்ததும் பானையைத் தட்டினாற்போல் மாறியது. அந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தித் தட்டியதும் சாப்பாட்டுத் தட்டளவு பூச்சு ஒரே வில்லையாகக் கழன்று விழுந்தது. உள்ளே, பழைய பள்ளத்துக்குள், காலி சிமென்ட் பையைச் சுருட்டி அடைத்து, அதன்மேல் பூசி, அதன்மேல் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். அவர் அந்தப் பையை இழுத்து வெளியே எடுத்தபோது துருச்செதில்கள் என் காலடியில் கொட்டின. 10 மி.மீ. கம்பி ஓரிடத்தில் பேனா ரீஃபில் அளவுக்கு மெலிந்திருந்தது. உடைந்த கான்கிரீட் முகத்தில் அவர் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்தார். கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை குறையாத நல்ல கான்கிரீட்டாக இருந்தால் இளஞ்சிவப்பாக மாறவேண்டும். கம்பி வரைக்கும் நிறமே மாறவில்லை. கடலோரச் சூழலில் கம்பியை மூடியிருக்கவேண்டிய கான்கிரீட்டின் தடிமன் ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 45 மி.மீ.; எங்கள் பால்கனியில் 20 கூட இல்லை. அது 1997-இல் கட்டியபோதே இருந்த குறை. அதைத் தெரிந்துகொண்டே பையை அடைத்தது 2024-இல் 4,20,000 ரூபாய் வாங்கியவர்களின் செயல்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இது தெரிஞ்சேதானா அக்கா?" என்று மட்டும் கேட்டார். பொறியாளர் ஏணியிலிருந்து இறங்கி, தப்பு உங்கள்மேல் இருக்காது என்று எனக்காகச் சொன்னபோதும் அவர் முகம் மாறவில்லை. மறுநாளே முன்பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தோம்.

சட்டப்படியும் அந்தக் கேள்வி நியாயமானது என்பதை வழக்கறிஞர் பிறகு விளக்கினார். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, தனக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை எதுவாக இருந்தாலும், அதை விற்பவர் சொல்லியே ஆகவேண்டும். பட்டி பார்த்து மூடிய வெடிப்பு அப்படிப்பட்ட குறைதான். ஒப்பந்தக்காரர் பூசி மறைத்துவிட்டுப் போய்விடுவார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாம்தான் பிறகு பதில் சொல்லவேண்டும். பழுதான பால்கனி இடிந்து யாராவது அடியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு உடல் நடுங்குகிறது.

உத்தரவாத அட்டையில் இருந்த பெயின்ட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்தபோது, எங்கள் முகவரியில் எந்த வேலையும் பதிவாகவில்லை என்றார்கள். கைப்பிடியைச் சோதித்ததில் அது 304 ரகம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், காந்தம் வைத்துப் பார்த்தும் பிரித்தறிய முடியாது; 316-இல் மட்டும் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது, உப்புக்காற்றைத் தாங்குவது அதனால்தான். மாலிப்டினம் இருக்கிறதா என்று ஒரு சொட்டுக் கரைசலில் காட்டும் சோதனைப் பொருள் ஸ்டீல் வியாபாரிகளிடம் இருக்கிறது. கைப்பிடியைப் பொருத்தும் முன் உங்கள் கண்முன்னே அந்தச் சொட்டை விடச் சொல்லுங்கள்.

ஜனவரியில் வேறொரு மேஸ்திரியையும் தனியாகக் கட்டணம் கொடுத்து ஒரு கட்டமைப்புப் பொறியாளரையும் வைத்து மறுபடி வேலை செய்தோம். உண்மையான வேலை எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். முதலில் பால்கனிக்கு முட்டுக் கொடுத்தார்கள். கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கெட்ட கான்கிரீட்டைக் கொத்தி எடுத்தார்கள். துருவை வெள்ளைக் கம்பி தெரியும்வரை தேய்த்து, மெலிந்த இடங்களில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, பழைய கான்கிரீட்டோடு புதியது ஒட்டுவதற்கான ரசாயனம் தடவி, பிறகுதான் பாலிமர் கலந்த கலவையால் நிரப்பினார்கள். மேஸ்திரி எங்கள் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, "இந்தத் தண்ணில கலந்தா உப்ப நாமளே உள்ள வெச்சுக் கட்டின மாதிரிம்மா" என்றார். கழுவவும் கலக்கவும் நீராற்றவும் லாரித் தண்ணீர்தான் வாங்கினோம். முதல் ஒப்பந்தக்காரர் ஆறு வாரமும் அந்தப் போர் மோட்டாரைத்தான் ஓடவிட்டார். அந்தச் சத்தம் கேட்டும் எனக்கு அது உறைக்கவில்லை.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: நிறத்தையும் சோபாவையும் பேசுவதற்கு முன், விற்பனையில் பங்கில்லாத ஒரு பொறியாளரிடம் சில ஆயிரங்கள் கொடுத்து வீட்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். கொத்தித் திறந்த கம்பியை அவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மூடலாம், அதன்பிறகே அடுத்த தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். திறந்த நிலையிலும் மூடியபின்னும் நீங்களே படமெடுத்து வையுங்கள். எங்களிடம் இல்லாமல் போனது அந்தப் படங்கள்தான், வழக்கில் அதனால் சிரமப்படுகிறோம். கடைசி 10 சதவீதம் போதாது, இந்தக் கரையில் ஒரு வாடைக்காலம் கடக்கும்வரை குறைந்தது கால்பங்குப் பணத்தையாவது நிறுத்திவையுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவர் ஆகஸ்டில் வேலையை முடித்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்கவேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். வேலைக்காக நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. எங்கள் தொகைக்கு 400 ரூபாய்தான் கட்டினோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்கள் புகார் விசாரணையில் இருக்கிறது.

வீடு இன்னும் விற்கவில்லை. வருபவர்களிடம் பழுதுபார்த்த படங்களையும் பொறியாளரின் அறிக்கையையும் முதலிலேயே காட்டிவிடுகிறோம். சிலர் அதோடு போய்விடுகிறார்கள், போகட்டும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன வாரம் கத்திவாக்கத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய படம். அந்த ஒப்பந்தக்காரர் அங்கே ஒரு வீட்டுக்குப் பேசப் போனபோது, தான் செய்த வேலை என்று மடிக்கணினியில் காட்டியிருக்கிறார்: கடலைப் பார்த்த மூன்று தளங்கள், வெள்ளைச் சுவர், கூடத்தில் தேக்கு ஊஞ்சல், செப்டம்பர் மாத வெயில். அது எங்கள் வீடு. உங்களிடமும் அந்தப் படத்தைக் காட்டினால், இரண்டாம் மாடி பால்கனியின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.