எம்ஆர்ஐ ஆஞ்சியோ: ஊசி போட்டா, போடாமலா, போட்டால் எந்த ஊசி?

பெரியப்பாவுக்கு இருபது வருஷச் சர்க்கரை. மயிலாப்பூர் குளத்தை ஒரு சுற்று வருவதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். காலின் ரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்க எம்ஆர்ஐ ஆஞ்சியோ எழுதிக் கொடுத்தார்கள். குழாய்கள் படத்தில் பளிச்சென்று தெரிய ஊசியில் ஏற்றும் மருந்துதான் கான்ட்ராஸ்ட். ஸ்கேன் சென்டர் கவுண்டரில் "கான்ட்ராஸ்ட் எந்த மருந்து?" என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், கையெழுத்துப் போடுங்க."

ஒன்றே இல்லை.

ஊசியே இல்லாமலும் எடுக்கலாம், டைம் ஆஃப் ஃப்ளைட் என்பார்கள். ஓடுகிற ரத்தமே வெளிச்சமாகத் தெரியும். மூளைக் குழாய்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் ரத்தம் மெதுவாகவோ சுழன்றோ ஓடும் இடத்தில் வெளிச்சம் மங்கி, பாதி அடைப்பு முழு அடைப்பு மாதிரி தெரியும். காலுக்கு ஊசியில்லாத புது முறைகளும் வந்திருக்கின்றன, ஆனால் போகிற இடத்தில் இருக்க வேண்டுமே.

சரி, ஊசி என்றால் பெரும்பாலும் காடோலினியம். இந்த உலோகம் தனியாக உடம்புக்கு விஷம், அதனால் ஒரு மூலக்கூறுக்குள் பூட்டித் தருகிறார்கள், அந்தப் பூட்டில்தான் எல்லாமே. ஓம்னிஸ்கான், மேக்னவிஸ்ட் வகையில் அது வாய் திறந்த சங்கிலி. கிட்னி கெட்டவர்களுக்கு மருந்து சீக்கிரம் வெளியேறாமல் தங்கும்போது உலோகம் கழன்றுகொள்கிறது. தோல் பலகையாக இறுகி மூட்டு மடங்காமல் போகும் என்எஸ்எஃப் நோய்க்கும் காடோலினியத்துக்கும் தொடர்பு 2006ல் தெரியவந்தது, 2007ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மருந்து லேபிளில் கட்டம் கட்டி எச்சரித்தது, 2017ல் ஐரோப்பா இந்த இரண்டையும் நரம்பில் ஏற்றுவதை நிறுத்திவைத்தது.

டோடாரம், கேடவிஸ்ட் வகை சுற்றிலும் மூடிய கூண்டு. என் ஓட்டு இதற்குத்தான். இந்தப் பாதுகாப்பான வரிசை மருந்துகளில், கிட்னி மிகவும் கெட்ட ஸ்டேஜ் 4, 5 நோயாளிகளுக்கே என்எஸ்எஃப் அபாயம் 0.07 சதவீதத்துக்கும் கீழே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூளையில் துளித்துளியாகத் தங்குவது இதிலும் உண்டு, சங்கிலி வகையைவிடக் குறைவு. அதனால் கெடுதல் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் எந்தக் காடோலினியமும் தவிர்க்க முடியாத நிலையில்தான்.

ஃபெருமாக்சிடால் என்று ரத்தசோகைக்கு வந்த இரும்பு மருந்தையும் சில நாடுகளில் இதற்குப் போடுகிறார்கள். ரத்தத்தில் பல மணி நேரம் நிற்பதால் நிதானமாகப் படமெடுக்கலாம், கிட்னியை நம்பவும் வேண்டாம். ஆனால் உயிரையே எடுத்த அலர்ஜிகளால் 2015ல் அதற்கும் எஃப்டிஏ கட்டம் கட்டியது. சிடி ஆஞ்சியோவோ, சர்க்கரைக்காரர் காலில் படிந்த சுண்ணாம்பு படத்தைக் கெடுக்கும், அப்புறம் அதில் ஏறும் அயோடினும் கிட்னி பார்த்துப் போட வேண்டியதுதான்.

கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இஜிஎஃப்ஆர் அளவு பெரியப்பாவுக்கு 48. 30க்குக் கீழே போனால்தான் கவலை. ரேடியாலஜிஸ்ட்டே வெளியே வந்து குப்பியைக் கையில் கொடுத்தார். டோடாரம். கிலோவுக்கு 0.2 மில்லி, 65 கிலோவுக்கு 13 மில்லி. பெரியப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டு, லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த பிறகுதான் பேனாவைக் கேட்டார்.