ஆய்வகத்தில் ஓராண்டு: நிறமாலை ஒளிமானி குறித்த மதிப்பீடு

ஹெர்பிஸ் தொற்றுக்குத் தரப்படும் அசைக்ளோவிர் மருந்தை நிறவினை மூலம் அளப்பதற்காக, எங்கள் மருந்தியல் கல்லூரி ஆய்வகத்தில் ஒற்றைக் கதிர் நிறமாலை ஒளிமானி (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) ஒன்றை வாங்கி ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். காரக் கரைசலில் ஃபோலின் வினைபொருளை (நிறம் எழுப்பும் வேதிப்பொருள்) சேர்த்தால் எழும் நீல நிறத்தை 760 நானோமீட்டர் அருகே அளக்கிறோம். மாத்திரைகளைப் பொறுத்தவரை இக்கருவி குறை சொல்ல இடம் வைக்கவில்லை.

இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தில்தான் சிக்கல். அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானைச் சேர்த்து, வெண்தயிர்போல் திரளும் புரதத்தை மையவிலக்கியில் சுழற்றி அகற்றிய பிறகும், மருந்தே கலக்காத வெற்றுச் சீரம் குவெட்டில் (கருவியில் வைக்கும் சிறு கண்ணாடிக் குப்பியில்) நீலமாகத்தான் நிற்கிறது. சீரத்தில் இயல்பாகவே மில்லிலிட்டருக்கு 30 முதல் 70 மைக்ரோகிராம் வரை இருக்கும் யூரிக் அமிலமும் அதே வினைபொருளுடன் நிறம் தருவதே இதற்குக் காரணம். 800 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு ஐந்து முறை விழுங்குபவரிடம்கூட அசைக்ளோவிரின் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம்தான்; அதன் நிறம் யூரிக் அமிலத்தின் நிறத்தில் மூழ்கிவிடுகிறது. இது கருவியின் பிழையன்று. ஆனால் "சீரத்துக்கும் ஏற்றது" என்று விற்பனையாளர் அடித்துச் சொன்னதை நம்பியது எங்கள் பிழை.

விளக்கு சூடேறும் முதல் அரைமணி நேரத்தில் அளவீடு நகர்ந்துகொண்டே இருப்பதும், மூடி சரியாகப் படியாததால் நாங்கள் கறுப்புத் துணி போர்த்த வேண்டியிருப்பதும் எரிச்சலூட்டுகின்றன. மாணவர் பயிற்சிக்குத் தயங்காமல் வாங்கலாம். நோயாளியின் இரத்த அளவை அறிய வேண்டுமெனில், கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் உயர்திறன் திரவ வண்ணப்பிரிகைக் கருவிக்கே பணத்தைச் சேர்த்து வையுங்கள்.