ஐஸ்கிரீம் டப்பாவா, ஜிப் பையா, கதவுப் பையா? டர்பன் வீட்டு உபரி ஒயர்களுக்கு எது சரி?

உபரி ஒயர்களை எப்படி அடுக்குவது என்று இணையத்தில் தேடினால் அழகழகான படங்கள் வரும். மர டிராயர், ஒவ்வொரு ஒயருக்கும் குட்டி அறை, எல்லாம் ஒரே வெள்ளை நிறம். அந்தப் படங்கள் எதிலும் நம் தென்னாப்பிரிக்க பிளக் இருக்காது. 16 ஆம்பியர் தாங்கும், மூன்று உருண்டைப் பின் கொண்ட நம் பிளக் ஒன்றே உள்ளங்கையை நிறைத்துவிடும். இந்தியாவில் கீசர், ஏசி மாதிரிப் பெரிய சாதனங்களுக்கு மட்டும் வைக்கிற அந்தத் தடிமன் இங்கே லேப்டாப்புக்கும் உண்டு. 2018 முதல் புதிய வயரிங்கில் சிறிய அறுகோண சாக்கெட்டும் இருக்க வேண்டும் என்பது விதிதான். ஆனால் பழைய வீடுகளில் இன்னும் குண்டு பிளக்கின் ஆட்சிதான். ஆகவே எந்தப் பெட்டியை வாங்கினாலும், இந்த பிளக்கை என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ ஃப்ரீசரைத் திறந்தால் 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். உள்ளே ஐஸ்கிரீம் இருக்காது, பருப்போ மட்டன் குழம்போ உறைந்து கிடக்கும். காலி டப்பாவுக்குப் பஞ்சமில்லாததால் ஒயர்களும் அதிலேயே குடியேறிவிடுகின்றன. இதைக் கேலி செய்ய மாட்டேன். காசு இல்லை, மூடி இறுக்கமாக மூடும், கரப்பான் நுழையாது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். அட்டைப்பெட்டியைவிட எவ்வளவோ மேல். டர்பன் ஈரத்தில் அட்டை நமுத்துப்போகும், பூச்சியும் வரும். குறை என்னவென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, நாலைந்து குண்டு பிளக் போட்டாலே நிறைந்துவிடும். அதனால் கெட்டில் ஒயர், கணினி ஒயர், லேப்டாப்பின் மூன்று துளை ஒயர் மாதிரி சுவரில் சொருகுகிற சமாச்சாரங்களுக்கு மட்டும் டப்பாவை ஒதுக்குங்கள். மூடியில் மட்டும் எழுதினால் மூடிகள் மாறிவிடும், பக்கவாட்டில் எழுதுங்கள்.

மெல்லிய ஒயர்களுக்கு, அதாவது யூஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ, இயர்போன் வகைகளுக்கு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைதான் என் தேர்வு. வெளியிலிருந்தே தெரியும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது, பைகளை நிமிர்த்தி வரிசையாக நிறுத்தினால் விரலால் தள்ளித் தள்ளித் தேடலாம். ஆனால் கடலோரத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. பிப்ரவரிப் புழுக்கத்தில் பையை மூடினால் அந்த ஈரமும் உள்ளேயே அடைபடும். பின்களில் பச்சை பூக்க அது போதும். காய்ந்த காற்று வீசுகிற ஜூன், ஜூலையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள், காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் போட்டுவையுங்கள். ஜொஹானஸ்பர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அவர்களுக்குத் தூசிதான் எதிரி.

கதவின் பின்னால் தொங்கவிடும் செருப்புப் பை பார்க்க வசதியானது, அலமாரி இல்லாத ஃபிளாட்டுக்குப் பொருத்தம். ஆனால் குண்டு பிளக்கின் எடைக்கு அதன் தையல் தாங்காது. எல்லாம் திறந்தே கிடப்பதால் உம்லங்கா பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் உப்புக்காற்று நேராகப் படும். வாரத்துக்கு ஒருமுறையாவது கை போகிற ஒயர் என்றால் சரி, உபரிக்கு வேண்டாம். கராஜ் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது எக்ஸ்டென்ஷன் ஒயருக்கு மட்டுமே. சுருளாக இருக்கும் எக்ஸ்டென்ஷனில் ஹீட்டர் மாதிரி பெரிய சுமையைப் போடுவதாக இருந்தால் முழுவதும் பிரித்துவிட்டுப் போடுங்கள். சுருண்டபடியே இருந்தால் சூடேறி உருகும்.

டப்பாவைவிட முக்கியமானது எதை வைத்துப் பிரிக்கிறோம் என்பது. முனையின் வடிவத்தை வைத்துப் பிரிப்பதுதான் பலரும் செய்வது. மைக்ரோ யூஎஸ்பி ஒரு பை, டைப் சி ஒரு பை. இது இனி போதாது. 2023 செப்டம்பரில் வந்த ஐஃபோன் 15-இலிருந்து ஆப்பிளும் டைப் சி-க்கு வந்துவிட்டது. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன்களுக்கு அது சட்டமே. அங்கே வருகிற மாடல்தான் பெரும்பாலும் இங்கேயும் வரும், ஆக இன்னும் சில வருடங்களில் அந்த ஒரு பை மட்டும் உப்பிக்கொண்டே போகும். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும், வேலை வேறு: ஒன்று 60 வாட் வரை தாங்கும், இன்னொன்று 240 வாட், ஒன்றில் படங்கள் 480 மெகாபிட் வேகத்தில் ஊரும், இன்னொன்றில் பறக்கும். போனோடு வந்த ஒயரா, லேப்டாப்போடு வந்ததா என்று ஒரு டேப்பில் எழுதி ஒட்டுவதே வழி. எழுதாத டைப் சி ஒயரை எந்த உயர்ந்த பெட்டியில் வைத்தும் பயனில்லை.

அடாப்டர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு செய்த காலம், நம் வீடுகளில் விட்டுப்போன சொத்தே அதுதான். 2023-இல் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தபோது ரூட்டருக்கென்று மினி யூபிஎஸ் என்ற குட்டி பேட்டரிப் பெட்டி வாங்காத வீடு குறைவு. அதோடு உருண்டை முனை ஒயர்கள் ஒரு கொத்து வந்தன. வெளி விட்டம் பெரும்பாலானவற்றில் 5.5 மில்லிமீட்டர், உள்துளை மட்டும் சிலவற்றில் 2.1, சிலவற்றில் 2.5. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதைவிட வம்பு, 9 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் ஒரே முனை இருக்கலாம். தவறானதைச் சொருகினால் ரூட்டரே போய்விடலாம். வோல்ட் ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், முனையில் பிளஸ் நடுவிலா வெளியிலா என்று அடாப்டரில் அச்சிட்டிருக்கும் படமும் பொருந்த வேண்டும். எனவே அடாப்டரின் முதுகில் சாதனத்தின் பெயரை எழுதுங்கள், எழுதிய பிறகு அது எந்த டப்பாவில் இருந்தாலும் பரவாயில்லை. மினி யூபிஎஸ் ஒயர்களை மட்டும் பெட்டிக்கே கொண்டுபோகாமல், ரூட்டர் பக்கத்திலேயே ஒரு ஜிப் பையில் தொங்கவிடுங்கள். இருட்டில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு யாரும் அலமாரியில் தேட முடியாது.

கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் வேண்டாம். சூட்டில் இளகி ஒயரோடு ஒட்டும், இல்லையென்றால் காய்ந்து நொறுங்கும். வெல்க்ரோ பட்டை மலிவு, பல வருடம் வரும். ரொட்டிப் பாக்கெட்டை மூடும் பிளாஸ்டிக் கிளிப் இலவசம், அதில் பேனாவால் பெயரும் எழுதலாம். அடாப்டரைச் சுற்றி ஒயரை இறுக்கிச் சுற்றும் பழக்கத்தை விடுங்கள். ஒயர் உடைவது அந்தக் கழுத்தில்தான்.

தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும்போது, எந்தச் சாதனத்துக்கும் சொந்தமில்லாத ஒயர் ஒரு குவியல் மிஞ்சும். அதைக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பையோடு வைக்காதீர்கள். 2021 ஆகஸ்ட் முதல் மின்னணுக் கழிவை இந்த நாட்டில் குப்பைமேட்டில் கொட்டத் தடை இருக்கிறது. மின்கழிவு வாங்கும் மையத்தில் கொடுங்கள். சீரியல் லைட்டை மட்டும் கொடுக்கும் முன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.