லாக்கின் வெள்ளைத்தாளும் லைப்னிட்ஸின் பளிங்கும்

பிறக்கும்போது மனம் ஒன்றும் எழுதப்படாத வெள்ளைத்தாள், அதில் எழுதுவது அனுபவம் மட்டுமே என்றார் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். அவருடைய நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்த ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ், பகுதி பகுதியாக உரையாடல் வடிவில் மறுப்பு எழுதினார். 1704இல் லாக் இறந்துவிட்டார். பதில் சொல்ல ஆளில்லாத வாதத்தை வெளியிட லைப்னிட்ஸுக்கு மனம் வரவில்லை. கடைசியில் அது அச்சேறியது 1765இல். அப்போது அவரே இறந்து 49 ஆண்டுகள் ஆகியிருந்தன.

லாக்கின் வாதம் நேரானது. ‘ஒன்று இருக்கவும் இல்லாமலிருக்கவும் ஒருசேர முடியாது’ என்பது பிறவியறிவு என்றால், கைக்குழந்தைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையே! மனத்தில் இருக்கிறது, ஆனால் மனத்துக்குத் தெரியாது என்று சொல்வது அவருக்குப் பொருளற்ற பேச்சு.

லைப்னிட்ஸ் கைவைப்பது சரியாக இந்த இடத்தில்தான். கடற்கரையில் இரைச்சல் கேட்கிறது. ஒவ்வோர் அலையின் ஓசையும் தனித்தனியே நம் கவனத்துக்கு வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் துளியாவது நம்மைத் தொட்டாக வேண்டும். இல்லாவிட்டால் லட்சம் அலைகள் சேர்ந்தாலும் இரைச்சல் பிறக்காது. லட்சம் பூஜ்யங்களைக் கூட்டினால் பூஜ்யம்தானே! ஆக, நாம் கவனிக்காமலே மனம் உணர்வது ஏராளம். பிறவியறிவும் அப்படித்தான் என்கிறார் அவர்: பளிங்குக்கல்லில் கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸின் உருவத்துக்கேற்ப ஏற்கெனவே ஓடும் வரிகள்போல. செதுக்கும் உழைப்பு இல்லாமல் சிலை வெளிப்படாது. இந்த விஷயத்தில் லாக் தோற்றுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்த வாதம் இன்னும் வலுவானது. ஆயிரம் முக்கோணங்களின் கோணங்களை அளந்து கூட்டினாலும் ‘இதுவரை 180 பாகை’ என்றுதான் சொல்ல முடியும். ‘எப்போதும் 180தான்’ என்ற உறுதியைப் புலன்கள் தருவதில்லை. கருத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தே அந்த உறுதி கிடைக்கிறது என்பார் லாக். அந்த ஒப்பிடும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? புலன் வழியே வராதது எதுவும் அறிவில் இல்லை, அந்த அறிவாற்றலைத் தவிர என்பது லைப்னிட்ஸின் பதில்.

இருவரும் விடை சொன்ன இன்னொரு கேள்வி: பிறவியிலேயே பார்வையற்றவர் பார்வை பெற்றால், தொட்டுப் பழகிய கனசதுரத்தையும் கோளத்தையும் கண்ணாலேயே பிரித்தறிவாரா? முடியாது என்றார் லாக். எதிரே இருப்பவை அந்த இரண்டும்தான் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் யோசித்துக் கண்டுபிடிப்பார் என்றார் லைப்னிட்ஸ். இந்தியாவில் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற 5 சிறாரிடம் இதை ஒட்டி நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. தொட்டறிந்த வடிவத்தைப் பார்த்தவுடன் அவர்களால் இனங்காண முடியவில்லை. உடனடி விடையில் லாக்கின் பக்கமே காற்று வீசியது. ஆனால் கண் கூசித் தடுமாறும் முதல் நேரத்தை லைப்னிட்ஸ் முன்பே விலக்கி வைத்திருந்தார்; மறுபடி சோதித்த சிறாரிடம் சில நாட்களிலேயே நல்ல முன்னேற்றமும் தெரிந்தது.

லாக்கை நான் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. பிறவி உண்மை என்று முத்திரை குத்திவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், அது ஆசான்களுக்கு வசதி என்று அவர் எச்சரித்தார். லைப்னிட்ஸும் இதை உதறித் தள்ளவில்லை: பிறவியிலேயே வந்த அடிப்படை விதிகளுக்கும் நிரூபணம் தேட வேண்டும் என்றுதான் அவரும் எழுதினார்.