தார்சரா, கிரேட் லேக்ஸா: எந்த ஏரிக்கரையில் கூடாரம் போடலாம்?

காஷ்மீரில் மலை ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தூங்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், தேடித் தேடிக் கடைசியில் இரண்டு மலைநடைப் பாதைகளில்தான் வந்து நிற்போம். ஒன்று, சோனமார்க்கில் தொடங்கி நாரநாகில் முடியும் கிரேட் லேக்ஸ். மற்றது, பஹல்காமுக்கு மேலே ஆரு கிராமத்தில் தொடங்கும் தார்சர் மார்சர். போன முறை நாங்கள் போனது தார்சருக்கு. என் மனசும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரேட் லேக்ஸில் கடைசி ஏரிகளான கங்கபல், நந்த்கோல் இரண்டையும் நாரநாக் வழியாக ஏறிப் பார்த்ததோடு சரி. மற்றதெல்லாம் அதை முழுக்க நடந்த அலுவலக நண்பர் சொல்லிக் கேட்டது.

பொதுவான சங்கதிகளை முடித்துவிடலாம். இரண்டுக்கும் ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரைதான் காலம். இரண்டிலும் கரண்ட் கிடையாது, சிக்னல் கிடையாது, கழிப்பறை என்பது குழிமேல் நிற்கும் ஒரு சின்னக் கூடாரம். சாமான்களைக் குதிரை சுமக்கும். அடையாள அட்டையைப் பையின் அடியில் போட்டுவிடாதீர்கள். கிரேட் லேக்ஸில் ராணுவச் சாவடிகளில் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

ஏரிகளின் எண்ணிக்கையில் கிரேட் லேக்ஸை அடிக்க முடியாது. விஷன்சர், கிருஷன்சர், காட்சர், சத்சர், அப்புறம் ஹர்முக் மலையடியில் நந்த்கோலும் கங்கபலும். எழுபது கிலோமீட்டருக்குமேல் நடை, நடுவே சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் காட்சர் கணவாய். தார்சர் பாதை ஐம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். தார்சர், மார்சர், சுந்தர்சர் என்று ஏரி மூன்றுதான். அதிலும் மார்சரை மேட்டிலிருந்து எட்டிப் பார்க்கத்தான் முடியும். அந்தத் தண்ணீர் டாச்சிகாம் காடு வழியாக இறங்கி ஸ்ரீநகரின் தால் ஏரியில் போய்ச் சேர்கிறது. நாங்கள் மேட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேகம் விலகியது இரண்டு நிமிடம்.

ஆனால் தார்சரில் கூடாரம் தண்ணீரை ஒட்டியே இருக்கும். விடிகாலையில் ஜிப்பைத் திறந்தபோது உள்பக்கத் துணியில் உறைந்திருந்த பனி பொடிப்பொடியாகக் கழுத்தில் விழுந்தது. இருபது அடி தள்ளி ஏரி, காற்றே இல்லை. பல் துலக்க டம்ளரில் மொண்ட தண்ணீரை வாயில் ஊற்றினால் பல்லெல்லாம் கூசியது. எதிர்க்கரையில் ஆட்டு மந்தை நகர்வது மணிச்சத்தத்தில்தான் தெரிந்தது. நந்த்கோலில் எனக்கு இந்த அமைதி கிடைக்கவில்லை. நான் போன வாரக்கடைசியில் அங்கே கூடாரங்கள் கல்யாண வீட்டுப் பந்தல்போல நெருக்கியடித்து நின்றன. வார நாளில் எப்படியோ.

சரி, இதெல்லாம் ரசனை. நான் தார்சர் பக்கம் நிற்கக் காரணம் வேறு: உடம்புக்கு முடியாமல் போனால் எப்படி இறங்குவது?

தார்சரில் உயரம் படிப்படியாக வரும். ஆரு சுமார் 2,400 மீட்டர். முதல் இரவு லித்தர்வட், அடுத்தது ஷேக்வாஸ், அதற்கப்புறம்தான் 3,800 மீட்டரை ஒட்டிய தார்சர். கிரேட் லேக்ஸில் பெரும்பாலான குழுக்கள் முதல் நாளே சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் நிச்னாய்க்கு ஏற்றிவிடுகிறார்கள்.

தார்சர் இரவில் என் மைத்துனருக்குத் தலைவலி. "மச்சான், சோறு வேண்டாம், நாத்தமா இருக்கு" என்றார். பிரியாணிக்குக் காத்திருந்து வரிசையில் நிற்கிற மனிதர் அவர். காலையில் இரண்டு முறை வாந்தி. வழிகாட்டி யோசிக்கவே இல்லை. ஒரு குதிரைக்காரரைத் துணைக்குப் போட்டு வந்த வழியிலேயே கீழே அனுப்பினார். லித்தர்வட் போய்ச் சேர்ந்ததும் வலி விட்டது, ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் ஆரு, அங்கிருந்து காரில் ஸ்ரீநகர். நாங்கள் சுந்தர்சர், மார்சர் பார்த்துவிட்டுச் சும்பல் பக்கம் இறங்கி வந்து அவரைப் பிடித்தோம்.

இதே வாந்தி காட்சர் ஏரிக்கரையில் வந்திருந்தால்? வழக்கமான பாதையில் பின்னால் போனால் அந்த 4,200 மீட்டர் கணவாய். முன்னால் போனால் சத்சர், அதைத் தாண்டி இன்னொரு கணவாய், அப்புறம்தான் நாரநாக் இறக்கம். கீழே போவதற்கு முதலில் மேலே ஏறவேண்டும். காற்று மெலிந்த உயரத்தில் இப்படித் தலைவலி, வாந்தி என்று வரும் உயர நோய்க்கு முதல் மருந்தே இறங்குவதுதான் என்னும்போது எனக்கு இது இடிக்கிறது. நண்பரின் குழுவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நிறைய பேருக்கு ஆவதும் இல்லை. முன்பே மலை ஏறிப் பழகி, சோனமார்க்கில் கூடுதலாக இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவருக்கு நான் சொல்வது பொருந்தாமல் போகலாம்.

தார்சருக்கு எதிராகவும் ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் பஹல்காமின் பைசரனில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை மூடினார்கள். நாங்கள் போனது அதற்கு முன்பு. ஆகவே டிக்கெட் போடும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் இரண்டும் ஒன்றுதான். 3,800 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி லேசில் வேகாது, பருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். நாங்கள் வறுத்த ரவையும் பருப்புப்பொடியும் கொண்டுபோனோம். குதிரைக்காரருக்கு உப்புமா பிடித்துவிட்டது, பதிலுக்கு அவர் கொடுத்த உப்புத் தேநீரை என்னால் அரை டம்ளருக்குமேல் குடிக்க முடியவில்லை.

மைத்துனர் இப்போது கிரேட் லேக்ஸ் போகலாம் என்கிறார். நாரநாக் பக்கமிருந்து ஏறிக் கங்கபலோடு திரும்புவதென்றால் நான் ரெடி என்று சொல்லியிருக்கிறேன். அந்த வழியில் இறக்கம் நேராக ஊருக்குத்தான் வரும்.